உரப்பு விட்டுச்சென்ற தடம்

1966-ஆம் ஆண்டின் முற்பாதி. லண்டனின் வெஸ்ட் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் டெக்கா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடம். ஜான் மேயலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸ் குழு ஓர் இசைத்தட்டுக்காக அங்கே கூடியிருக்கிறது. கிட்டார் வாசிப்பவர் எரிக் க்ளாப்டன். இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர். கையில் கிப்சன் லெஸ் பால் கிட்டார். பின்னால் இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்கள் பொருத்திய மார்ஷல் ஆம்ப்ளிஃபயர். தயாரிப்பாளர் மைக் வெர்னன், ஒலிப்பதிவாளர் கஸ் டட்ஜன்.

அன்றைய கூடங்களில் ஓர் எழுதாத வழக்கம் இருந்தது. கிட்டார் ஆம்ப்பின் ஒலியை அடக்கி வைப்பார்கள். மைக்கை அதன் வாயருகே நிறுத்துவார்கள். ஒலியைக் கூட்டுவதை மிக்சர் பார்த்துக்கொள்ளும். க்ளாப்டன் இதற்கு உடன்படவில்லை. மேடையில் வாசிக்கும் அதே உரப்பில்தான் கூடத்திலும் வாசிப்பேன் என்றார். மைக் ஆம்ப்பை ஒட்டி இல்லாமல் தள்ளி இருக்க வேண்டும் என்றும் கேட்டார். அந்த உரப்பு டிரம்ஸுக்கு வைத்த மைக்கிலும் ஆர்கனுக்கு வைத்த மைக்கிலும் புகுந்துவிடும் என்பது ஒலிப்பதிவாளரின் நியாயமான கவலை. ஆனாலும் பதிவு க்ளாப்டன் விரும்பியபடியே நடந்தது. அவ்வாண்டு ஜூலையில் வெளிவந்த அந்தத் தட்டு, ராக் கிட்டாரின் ஒலி எப்படி இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பையே மாற்றியது.

இந்தச் சம்பவத்தில் ஓர் அறிவியல் புதிர் ஒளிந்திருக்கிறது. தட்டை வாங்குபவர் அதைத் தன் வீட்டில் மெதுவாகவும் வைப்பார், உரக்கவும் வைப்பார். கூடத்தில் இருந்த உரப்பு அவர் வீட்டுக்குப் போய்ச் சேரப்போவதில்லை. அப்படியிருக்க, பதிவின்போது உரக்க வாசித்தால் என்ன, அடக்கி வாசித்தால் என்ன?

மூன்று தெரு தள்ளி ஒலிக்கும் நாதஸ்வரத்தை நினைத்துப் பாருங்கள். காதில் விழும்போது அது மெல்லிய ஒலிதான். ஆனாலும் வாசிப்பவர் மூச்சைத் திரட்டி ஊதுகிறார் என்று கேட்ட கணமே தெரிகிறது. வானொலியின் ஒலியை எவ்வளவு குறைத்தாலும் கூச்சல் கூச்சலாகவே கேட்கும். ஒலிபெருக்கியில் எவ்வளவு கூட்டினாலும் ரகசியம் ரகசியமாகவே கேட்கும். உரப்பு கருவியின் மேல் ஒரு தடத்தைப் பதிக்கிறது. மைக்கால் பிடிக்க முடிவது அந்தத் தடத்தைத்தான். அது எங்கே பதிகிறது, அதை எப்படிப் பிடிப்பது என்பதே இந்த அத்தியாயம்.

உரப்பை அளந்து பார்ப்போம்

ஒலி என்பது காற்றழுத்தத்தில் ஏற்படும் சிறு ஏற்ற இறக்கம். நம் காது உணரக்கூடிய மிக மெல்லிய ஒலி, ஒரு பாஸ்கலில் 50,000-இல் ஒரு பங்கு. இதையே பூஜ்யம் டெசிபல் என்று வைத்துக்கொள்கிறோம். 94 டெசிபலில் அழுத்தம் ஒரு பாஸ்கல் ஆகிறது. 120 டெசிபலில் 20 பாஸ்கல். தொடக்கப் புள்ளியைவிட இது பத்து லட்சம் மடங்கு. ஆனாலும் நம்மைச் சூழ்ந்திருக்கும் வளிமண்டல அழுத்தமான ஏறத்தாழ ஒரு லட்சம் பாஸ்கலோடு ஒப்பிட்டால் 5,000-இல் ஒரு பங்குதான். காதை வலிக்கச் செய்யும் ஒலிகூடக் காற்றின் பார்வையில் ஒரு சிற்றலை.

நல்ல கிட்டார் ஸ்பீக்கர் ஒன்றுக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தொலைவில் 100 டெசிபல் அளவுக்கு ஒலிக்கும். மின்திறனைப் பத்து மடங்காக்கினால் 10 டெசிபல் கூடும். 10 வாட்டுக்கு 110. 100 வாட்டுக்கு 120. திறனைப் பாதியாக்கினால் குறைவது வெறும் 3 டெசிபல். அதனால்தான் 100 வாட் ஆம்ப்புக்குப் பதிலாக 50 வாட் ஆம்ப்பை வாங்கியவருக்கும் அக்கம்பக்கத்தாரின் புகார் குறைவதில்லை. 5 வாட் ஆம்ப்பைக்கூட முழுதாகத் திறந்தால் ஒரு மீட்டரில் 107 டெசிபல் வரும். ஸ்பீக்கரை ஒட்டி மைக் நிற்கும் இடத்தில் இன்னும் அதிகம்.

தாழ்ந்த கூரை

முதல் தடம் பதிவது வால்வில், அதாவது ஆம்ப்புக்குள் மின் அலையைப் பெருக்கும் கண்ணாடிக் குழாயில்.

1962-இல், மேற்கு லண்டனின் ஹேன்வெல் பகுதியில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், அமெரிக்காவின் ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்ப்பை முன்மாதிரியாகக் கொண்டு தன் முதல் ஆம்ப்பை உருவாக்கினார். ஒலியைக் கறைப்படுத்துவது அவரது நோக்கம் அல்ல. இரைச்சல் மிகுந்த அரங்குகளில் கிட்டார் எடுபட வேண்டும் என்பதுதான் வாடிக்கையாளர்கள் கேட்டது. ஆனால் எந்த ஆம்ப்புக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. உள்ளே வரும் மின் அலை அந்த வரம்பைத் தாண்டி எழ முயன்றால், வால்வு அதன் தலையைத் தட்டிவிடும். உருண்டையான முகடு தட்டையாகிவிடும்.

எட்டடி உயரக் கூரை உள்ள அறையில் பந்தை மேலே எறிவதாக வைத்துக்கொள்வோம். இருபது அடி போகும் வேகத்தில் எறிந்தாலும், பன்னிரண்டு அடி போகும் வேகத்தில் எறிந்தாலும் பந்து எட்டடியில்தான் நிற்கும். கிட்டார் கம்பியை மீட்டியவுடன் அதிர்வு உச்சத்தில் இருக்கும்; பிறகு தேய்ந்துகொண்டே போகும். ஆனால் ஆம்ப்பில் அது கூரையை முட்டிக்கொண்டிருக்கும்வரை வெளியே வரும் ஒலி தேய்வதில்லை. பாதியாகத் தேய்ந்த அதிர்வும் முழு உயரத்தில் ஒலிக்கிறது. மீட்டிய சுரம் வயலினைப் போல நீண்டு நிற்பது இதனால்தான். அதோடு, உரத்த ஒலி காற்று வழியாகத் திரும்பி வந்து கிட்டார் கம்பியையே மறுபடி அதிரவைக்கும். கம்பி, ஆம்ப், ஸ்பீக்கர், காற்று, மறுபடி கம்பி என்று ஒரு வட்டம் உருவாகிவிடும். அடக்கி வாசித்தால் இந்த வட்டம் மூடுவதே இல்லை.

தட்டையான முகடு இன்னொன்றையும் செய்கிறது. கிட்டாரின் கனத்த கம்பி நொடிக்கு 82 முறை அதிர்கிறது. அலையின் வடிவம் சிதையச் சிதைய, அந்த அடிப்படை அதிர்வெண்ணின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று மேற்சுரங்கள் பெருகுகின்றன. காது இவற்றைத் தனித்தனியாகக் கேட்பதில்லை. ஒலியின் தடிப்பாக, கரகரப்பாக உணர்கிறது. தொண்டை கிழியக் கத்தும் குரலிலும் இதே மேற்சுரங்கள் பெருகுவதால், அந்தக் கரகரப்பைக் கேட்டதும் யாரோ முழு பலத்தோடு எதையோ செய்கிறார் என்று நமக்குப் புரிந்துவிடுகிறது.

ஸ்பீக்கரும் ஒரு வாத்தியமே

இரண்டாவது தடம் ஸ்பீக்கரில்.

வீட்டில் பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர் தனக்கென்று ஒரு குரல் இல்லாமல் இருக்க வேண்டும். கிட்டார் ஸ்பீக்கர் அப்படி அல்ல. அதன் 12 அங்குலக் காகிதக் கூம்பு, தாழ்ந்த அதிர்வெண்களில் ஒரே தகடாக முன்னும் பின்னும் நகர்கிறது. அதிர்வெண் ஏற ஏற, கூம்பின் ஒரு பகுதி ஒருபக்கமும் இன்னொரு பகுதி மறுபக்கமும் அதிரத் தொடங்கும். உரக்க ஓட்டினால் இந்தக் குழப்பம் கூடும். அதுவும் ஒலியில் ஒரு நிறமாகச் சேரும். 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே அதன் ஒலி செங்குத்தாகச் சரிகிறது. இதைக் குறை என்று நினைக்க வேண்டாம். வால்வு உண்டாக்கிய மேற்சுரங்களில் காதைக் குத்தும் உயர்ந்த பகுதியை இந்தக் கூம்பு வடிகட்டிவிடுகிறது. ஸ்பீக்கரே இல்லாமல் ஆம்ப்பின் மின் அலையை நேரடியாகப் பதிவுசெய்து கேட்டால், சூடான எண்ணெயில் தண்ணீர் தெளித்தது போலச் சடசடக்கும். ஆம்ப்பின் முன் மைக் வைக்க வேண்டிய முதற் காரணம் இதுதான்: கிட்டாரின் குரல் காற்றில்தான் முழுமை அடைகிறது.

மூன்று வகைச் செவிகள்

1966 ஏப்ரலில், அதே லண்டனில், ஆபீ ரோடு கூடத்தில் பீட்டில்ஸ் குழுவின் 'பேப்பர்பேக் ரைட்டர்' பதிவானபோது, பேஸ் கிட்டாரின் ஆழ்ந்த ஒலியைப் பிடிக்க ஒரு ஸ்பீக்கரையே மைக்காகப் பயன்படுத்தினார்கள். இது மந்திரம் அல்ல. காந்தப்புலத்தில் இருக்கும் கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது நகரும், அது ஸ்பீக்கர். அதே சுருளைக் காற்று நகர்த்தினால் மின்சாரம் பிறக்கும், அது மைக். இரண்டும் ஒரே பொறியின் இரு முகங்கள்.

இந்தத் தத்துவத்தில் இயங்குவது டைனமிக் மைக். 1965-இல் ஷூர் நிறுவனம் வெளியிட்ட எஸ்எம்57 இன்றுவரை கிட்டார் ஆம்ப்பின் முன் அதிகம் காணப்படும் மைக்காக இருக்கிறது. உறுதியான சவ்வு, அதில் ஒட்டிய சுருள், ஒரு காந்தம், சிறிய மின்மாற்றி, உள்ளே இவ்வளவுதான். கெட்டுப்போகவோ திணறவோ மின்னணுச் சுற்று எதுவும் இல்லை. ஒரு பாஸ்கல் அழுத்தத்துக்கு ஏறத்தாழ 1.6 மில்லிவோல்ட் தருகிறது. 120 டெசிபல் ஒலியின் முன் அது 32 மில்லிவோல்ட் ஆகும். மென்மையான பாட்டுக்காகப் பெருக்கத்தை ஏற்றி வைத்திருக்கும் மிக்சருக்கு இந்த அளவு வெள்ளம் போன்றது. பல நேரங்களில் பதிவைக் கெடுப்பது மைக் அல்ல, அதற்கு அடுத்த கட்டம். முதலில் குறைக்க வேண்டியது மிக்சரின் பெருக்கத்தை. இந்த மைக் 5,000 ஹெர்ட்ஸையொட்டிய ஒலிகளைச் சற்றே தூக்கிக் காட்டும். கிட்டார் ஸ்பீக்கர் சரியத் தொடங்கும் இடமும் அதுவே. இரண்டும் பொருந்திப்போவதால் கிட்டார் முன்னே வந்து பேசுகிறது.

இரண்டாவது வகை ரிப்பன் மைக். காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே சில மைக்ரான் தடிமனே உள்ள அலுமினிய இழை தொங்குகிறது. தலைமயிரின் தடிமன் 70 மைக்ரான் அளவில் இருக்கும் என்பதை நினைவில் கொண்டால், இது எவ்வளவு மெல்லியது என்று புரியும். உயர்ந்த ஒலிகளில் இதமாகச் சாய்வதால், கடூரமான கிட்டாரும் இதில் கனிந்து கேட்கும். பழைய ரிப்பன்கள் பலத்த காற்றடியில் நீண்டு தொய்ந்துவிடும். வாயால் ஊதிச் சோதிப்பதுகூடக் கூடாது. உரத்த ஆம்ப்பின் முன் துணிந்து வைக்கும்படியான ரிப்பன்கள் 1990-களின் பிற்பகுதியில் பரவலாயின.

மூன்றாவது, கண்டென்சர் மைக். நுண்ணிய சவ்வுக்கும் தகட்டுக்கும் இடையிலான மின்தேக்கம் மாறுவதை அளக்கிறது. உள்ளேயே ஒரு சிறு ஆம்ப் உண்டு. நுணுக்கங்களைப் பிடிப்பதில் இதற்கு இணை இல்லை. ஆனால் அந்த உள் ஆம்ப்புக்கும் ஒரு கூரை இருக்கிறது. நோய்மன் யு87-இன் இன்றைய வடிவம் 117 டெசிபல்வரை தாங்கும்; 10 டெசிபல் குறைக்கும் விசையைப் போட்டால் 127. விசையைப் போட மறந்தால் மார்ஷலின் கரகரப்போடு மைக்கின் கரகரப்பும் சேர்ந்துவிடும். பிறகு இரண்டையும் யாராலும் பிரிக்க முடியாது.

ஒரு விரற்கடை நகர்த்தினால்

இனி ஆம்ப்பின் முன்னால் மண்டியிட்டு உட்காருவோம். முன்புறத் துணி ஸ்பீக்கரை மறைத்திருக்கும். டார்ச் விளக்கைத் துணியை ஒட்டிப் பிடித்தால் கூம்பின் விளிம்பும், நடுவே குமிழ் போன்ற மூடியும் தெரியும். இப்போது கிட்டாரின் ஒலிக்குமிழைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டு, ஆம்ப்பை மட்டும் திறந்து வையுங்கள். வால்வுகளின் இயல்பான 'ஸ்ஸ்ஸ்' என்ற சீறல் கேட்கும். நல்ல ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மைக்கைத் துணியிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிப் பிடித்து, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மெல்ல நகர்த்துங்கள்.

விளிம்பில் அந்தச் சீறல் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல மங்கியிருக்கும். நடுவை நெருங்க நெருங்கக் கூர்மையாகும். குமிழுக்கு நேரே வந்ததும் ஊசி போலக் குத்தும். தாண்டிப் போனால் மறுபடி மங்கும். மொத்த நகர்வு ஒரு சாண்கூட இல்லை. கிட்டாரையும் ஆம்ப்பையும் தொடவே இல்லை. ஆனால் ஒலி முற்றிலும் வேறாகிவிட்டது.

காரணம் அலைநீளம். காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்கிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர். கூம்பின் 30 சென்டிமீட்டர் அகலத்தோடு ஒப்பிட்டால் அது மிகப் பெரியது. ஆகவே எல்லாத் திசையிலும் பரவும். 5,000 ஹெர்ட்ஸுக்கோ 6.8 சென்டிமீட்டர்தான். தன்னைவிட அகலமான கூம்பிலிருந்து கிளம்பும் இந்தச் சிற்றலைகள் பக்கவாட்டில் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, டார்ச் ஒளியைப் போல நேர்க்கோட்டில் குவிந்து செல்கின்றன. கூம்பு பகுதி பகுதியாக அதிரும் நிலையில் உயர்ந்த ஒலிகள் பெரும்பாலும் நடுப்பகுதியிலிருந்தே கிளம்புவதும் இதோடு சேர்ந்துகொள்கிறது. ஒலிப்பதிவாளர்கள் பலர் குமிழும் கூம்பும் சந்திக்கும் வட்டத்திலிருந்து தொடங்குவது இதனால்தான். அங்கிருந்து ஒரு விரற்கடை உள்ளே போனால் கூர்மை. வெளியே போனால் மென்மை. மிக்சரில் குமிழ்களைத் திருகுவதற்கு முன் மைக்கை நகர்த்திப் பார்ப்பதே நல்ல பழக்கம்.

முன்னும் பின்னும் நகர்த்தினாலும் ஒலி மாறும். ஒரு திசையை மட்டும் நோக்கிக் கேட்கும் மைக்குகள், தம் சவ்வின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் உள்ள அழுத்த வேறுபாட்டை அளக்கின்றன. தொலைவிலிருந்து வரும் தாழ்ந்த ஒலியின் அலை மிக நீளமானது என்பதால் அந்த வேறுபாடு சொற்பம். மைக்கின் வடிவமைப்பு அதை ஈடுகட்டித் தூக்கிக் கொடுக்கும். மிக அருகில் வந்தால், முன்பக்கம் ஒலிமூலத்துக்குக் கிட்டே, பின்பக்கம் சற்று எட்டே என்ற காரணத்தாலேயே புதிய வேறுபாடு சேரும். ஏற்கனவே தூக்கி வைத்திருந்ததன் மேல் இதுவும் ஏற, தாழ்ந்த ஒலி பொங்கிவிடும். வானொலி அறிவிப்பாளர் மைக்கை நெருங்கியதும் குரல் கனப்பது இதே காரணத்தால்தான். துணியை ஒட்டி வைத்த மைக்கில் கிட்டார் அளவுக்கு மீறிக் கனத்தால், ஒரு கையகலம் பின்னுக்கு இழுத்தாலே போதும்.

இன்னும் பின்னே போனால் மூன்றாவது தடம் வந்து சேரும்: அறை. சுவரும் தரையும் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன. நேரடி ஒலிக்குச் சில மில்லிநொடிகள் பிந்தி அவை மைக்கை அடைகின்றன. அந்தப் பிந்தலைக் கொண்டுதான் நம் மூளை இடத்தின் அளவைக் கணிக்கிறது. உரத்த ஆம்ப்பின் முன் நாம் நிஜத்தில் நிற்கும்போது கேட்பதும் இந்தக் கலவையைத்தான். யாரும் கூம்பில் காதை ஒட்டிக் கேட்பதில்லை. மைக்கைத் தள்ளி வைக்கச் சொன்ன இளைஞர் கேட்டதும் இதையே.

இரண்டு மைக் வைத்தால்

அருகில் ஒன்று, தொலைவில் ஒன்று என்று இரண்டு மைக் வைத்தால் இரண்டு நன்மையும் கிடைக்குமே என்று தோன்றும். கிடைக்கும், ஒரு விபத்தைத் தவிர்த்தால். முதல் மைக் ஸ்பீக்கரிலிருந்து 2 சென்டிமீட்டரிலும், இரண்டாவது 19 சென்டிமீட்டரிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 17 சென்டிமீட்டர். இது 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளத்தில் சரிபாதி. ஆகவே முதல் மைக்கில் அலை முகட்டில் இருக்கும்போது இரண்டாவதில் பள்ளத்தில் இருக்கும். இரண்டையும் சம அளவில் கலந்தால் 1,000 ஹெர்ட்ஸ் காணாமல் போகும். 3,000, 5,000 ஆகியவையும் அவ்வாறே. 2,000-உம் 4,000-உம் மட்டும் வலுப்பெறும். சீப்பின் பற்களைப் போல ஒலியில் இடைவெளிகள் விழும். கிட்டார் தகர டப்பாவுக்குள் இருப்பதுபோல ஒலிக்கும்.

இதைச் சரிசெய்ய அழகான வழி ஒன்று உண்டு. ஒரு மைக்கின் மின்முனைகளை மிக்சரிலுள்ள விசையால் தலைகீழாக்கிவிட்டு, ஒலி மிக மெலிந்துபோகும் இடம் வரும்வரை இரண்டாவது மைக்கை நகர்த்துங்கள். இரண்டு மைக்கும் ஒன்றையொன்று அதிகம் அழிக்கும் இடம் அது. இப்போது விசையைத் திருப்பிப் போட்டால் அதே இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று அதிகம் வலுப்படுத்தும். கிட்டார் சட்டென்று உடல்பெற்று நிற்கும். அந்த இடத்தை அடையாளம் வைத்துத் தரையில் டேப் ஒட்டிவிடுவது ஒலிப்பதிவாளர்களின் வழக்கம்.

காதின் கோணல், காதின் விலை

நான்காவது தடம் நம் காதிலேயே இருக்கிறது. பெல் ஆய்வகத்தின் ஹார்வி ஃப்ளெட்சரும் வைல்டன் மன்சனும் 1933-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைக் காட்டியது: மெல்லிய ஒலியில் நம் காது தாழ்ந்த அதிர்வெண்களை மிகக் குறைவாகவே கேட்கிறது. 40 டெசிபலில் ஒலிக்கும் 1,000 ஹெர்ட்ஸுக்கு ஈடாக 100 ஹெர்ட்ஸ் கேட்க வேண்டுமென்றால் 20 டெசிபலுக்கும் மேல் கூட்ட வேண்டும். உரப்பு ஏற ஏற இந்த வேறுபாடு சுருங்குகிறது. ஆம்ப்பின் முன்னால் நின்று "அடடா, என்ன கனம்!" என்று வியந்த அதே ஒலி, கட்டுப்பாட்டு அறையில் மெதுவாகக் கேட்கும்போது சோகையாகத் தோன்றுவது இதனால். மைக் இருக்கும் இடத்தை ஆம்ப்பின் அருகே நின்று முடிவு செய்யக்கூடாது. கேட்பவர் கேட்கப்போகும் உரப்பில் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

அருகே நிற்கக்கூடாது என்பதற்கு அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபல் ஒலியில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம். 115 டெசிபலுக்கு அரை நிமிடம்கூட இல்லை. உட்செவியிலுள்ள மயிர்ச்செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. ஸ்பீக்கரின் முன் குனிந்து, காதால் நல்ல இடம் தேடும் பழைய பழக்கத்தை இளைஞர்கள் தயவுசெய்து கைவிட வேண்டும். சீறலைக் கேட்டு இடம் பாருங்கள். வாசிக்கும்போது காதடைப்பான் போடுங்கள். ஆம்ப்பை ஓர் அறையிலும் உங்களை இன்னோர் அறையிலும் வையுங்கள். மைக்கின் சவ்வு கிழிந்தால் கடையில் வேறு கிடைக்கும்.

இன்றிரவு வீடு அடங்கியபின், ப்ளூஸ்பிரேக்கர்ஸின் அந்த 1966 தட்டைத் தேடி எடுத்து, கைபேசியில் ஒலியை ஆகக் குறைத்து வைத்துக் கேளுங்கள். பக்கத்தில் தூங்குபவர் விழித்துக்கொள்ளாத அளவுக்கு. கிட்டார் தனித்து எழும் இடத்தில், நீண்ட சுரம் ஒன்றைத் தேர்ந்து, அது எப்படி முடிகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். மீட்டிய கம்பி தேய்ந்துகொண்டிருக்கும். சுரமோ தேய மறுத்து, கரகரத்துக்கொண்டே நிற்கும். அதைச் சுற்றி அறையின் காற்றும் கொஞ்சம் கேட்கும். உங்கள் காதுக்கு வருவது பேச்சொலியைவிட மெல்லிய ஒலிதான். ஆனால் ஒரு பந்து தாழ்ந்த கூரையை முட்டிக்கொண்டே இருப்பது அதில் தெளிவாகக் கேட்கும்.